காதிருந்தா நானூறு

களியக்காவிளை சந்தைக்குப் பின்னால்
நசரேன் ஆக்கர் கடையில்
தராசுக்கு அடியில் கிடந்தது என் ஏழாவது பூனை.
மீன்வண்டியின் ஐஸ்தண்ணி சொட்டிச் சொட்டி
முதுகில் உப்புத் தடம்.
வலது காது இல்லை.

இரும்புக்குக் கிலோ விலை உண்டு,
பித்தளைக்கு உண்டு, பழைய பேப்பருக்கும் உண்டு.
பீங்கானுக்கு இல்லை.
அதனால் வாய்க்கு வந்ததுதான் விலை.
"இருநூறு."
"காதில்லாததுக்கா?"
"காதிருந்தா நானூறாக்கும்."

முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன்.
அடிவயிற்றில் ஒரு துளை இருக்கும்.
டார்ச் அடித்தால் உள்சுவரில்
பச்சை மண்ணில் அழுத்திய கட்டைவிரல் ரேகை,
குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு.
என்னிடம் இருக்கும் ஏழில் நான்கு
இந்தத் தழும்புக்கை செய்தவை.
ஆணா பெண்ணா, எந்தச் சூளை, எந்த வருஷம்,
ஒன்றும் தெரியாது.
மீசைக்கு மூன்று கோடு நிதானமாக இழுத்து
நான்காவதில் அவசரப்படும் ஆள்
என்பது மட்டும் தெரியும்.

நான் பல் செய்கிறவள்.
மார்த்தாண்டத்தில், மருந்துக்கடை மாடியில்,
பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகை நுனியால் அடுக்கி
தொள்ளாயிரம் டிகிரியில் சுடுகிறவள்.
கையுறை போட்ட கை, ரேகை பதியாது.
வாய்க்குள் போனபின்
அது என் பல் என்று யாராவது கண்டுபிடித்தால்
அன்றைக்கு நான் தோற்றேன்.

"இது இடத்தோட்டு பாக்கும்," என்றார் நசரேன்.
"வலத்தோட்டு பாக்குறது ஒண்ணு இருந்து.
பாறசாலை விலாசினி டீச்சர் கொண்டு போயாச்சு."

ஆயிரம் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன்.
ஆயிரத்தைந்நூறு, காது வேண்டாம்,
என்னுடையதைக் கொடு என்று பதில் வந்தது.
இரண்டு வருஷம் இப்படியே.
நசரேனுக்கு இரண்டு பக்கமும் சாயா.
டீச்சரை நான் பார்த்ததில்லை.
நடுவில் ஒரு செக்போஸ்ட்,
அதன் நிழலில் லாரிக்கெல்லாம் எழுந்திருக்காத ஒரு நாய்,
அவ்வளவுதான் தூரம்.

போன ஆவணியில் ஒரு கூரியர் டப்பா.
பிளாஸ்டர் அச்சு, மடித்த சீட்டு:
விலாசினி, 61, பாறசாலை.
மேல் வரிசை, இடது முன்பல். நிறம் ஏ-த்ரீ.
கீழே டாக்டரின் கிறுக்கல்:
'டீச்சர். வேறு லேபுக்கு இரண்டு முறை திருப்பி அனுப்பியவர்.
கவனம்.'

வேறு விலாசினியாகவும் இருக்கலாம்.
பாறசாலையில் எத்தனை பேரோ.

அச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
நூல் கடித்தே தேய்ந்த ஓரம்,
கீழுதட்டை மெல்லும் பழக்கம்,
விட்டுக்கொடுக்காத கோரைப்பல்.
ஒரு ஷேடு கூட்டி வைத்தால் போதும்,
சிரிக்கும்போதெல்லாம் ஊருக்குத் தெரியும்.
அன்றைக்கு ராத்திரி ஒருமணி வரை
அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது.

மூன்று சாயங்காலம் எடுத்தேன்.
பக்கத்துப் பல்லில் இருந்த மயிரிழை விரிசல்போல்
இதிலும் ஒன்று.
ஈறோரத்தில் சாயாக் கறை, கொஞ்சம்போல.
பலகையில் மாவு மிச்சமிருந்தது.
காயவிட மனமில்லாமல்
நகத்தளவில் ஒரு காது பிடித்தேன்,
பல்லோடு சேர்த்தே சுட்டேன்.

பூனைக்கு மெழுகால்தான் ஒட்டியிருக்கிறது.
பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

பல் திரும்பி வரவில்லை.

போன வாரம் நசரேன் சொன்னார்,
"டீச்சர் வந்தாங்க. பூனை இன்னும் இருக்கான்னு கேட்டாங்க."
"சிரிச்சாங்களா?"
"ஆமா, நல்லா சிரிச்சாங்க. எதுக்கு?"
"முன்பல்லு எப்படி இருந்து?"
"எந்தப் பல்லு?" என்றார்.

ரெண்டாயிரம் ஆனாலும் தர மாட்டேன் என்று
சொல்லச் சொன்னேன்.